வழிகாட்டி இல்லாமல் உணவுச் சந்தையை ருசித்துச் சுற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: புதிய ஊருக்கு மூன்று நான்கு பேராகப் போகிறோம். காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டும் குழுவோடு சேராமல், அந்த ஊர்ச் சந்தையில் நாங்களே நடந்து விதவிதமாகச் சாப்பிட்டுப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது, எவ்வளவு சாப்பிடுவது, வயிறு கெடாமல் எப்படித் திரும்புவது?

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்போன கடைகளின் பட்டியலோடு போகாதீர்கள். முதல் முக்கால் மணி நேரம் எதையும் வாயில் போடாமல் சந்தையை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். காய், பழம், மீன் விற்கும் பகுதியில் இன்றைக்கு எது குவிந்து கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, அதைச் சமைத்து விற்கும் கடையைத் தேடிப் போய்ச் சாப்பிடுங்கள். பட்டியல் எழுதியவர் வேறொரு பருவத்தில் வந்து போயிருப்பார். நீங்கள் போகும் வாரத்தில் எது நன்றாக இருக்கும் என்பது சந்தையில் குவிந்திருப்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

பருவத்தில் இருப்பதை அடையாளம் காண்பது கடினமில்லை. ஒரே பொருள் பத்துக் கடையில் இருக்கும், தரையிலோ கூடையிலோ குவியலாகக் கிடக்கும், காம்பும் இலையும் வாடாமல் இருக்கும், கிழங்கானால் மண் ஒட்டியிருக்கும். உள்ளூர்ப் பெண்கள் அதைக் கிலோக் கணக்கில் அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரே ஒரு கடையில், ஒவ்வொன்றாகக் காகிதம் சுற்றி அடுக்கி வைத்திருப்பது பெரும்பாலும் தூரத்திலிருந்து வந்தது. மீனும் அப்படித்தான்: ஒரு வகை மீன் எல்லாத் தட்டிலும் பளபளவென்று கிடந்தால் அன்றைய வரத்து அதுதான்.

போவதற்கு முன் நேரத்தைச் சரியாகப் பிடிக்க வேண்டும். மொத்த வியாபாரம் நள்ளிரவில் தொடங்கி விடியலோடு முடிந்துவிடும். அங்கே வேடிக்கை பார்க்கலாம், சாப்பிட அதிகம் கிடைக்காது, வண்டிகளுக்கு இடைஞ்சலாகவும் இருப்பீர்கள். சில்லறைச் சந்தையில் கடை திறந்து ஒரு மணி, ஒன்றரை மணி கழித்துப் போவது நல்லது. எல்லாரும் கடை விரித்திருப்பார்கள், கூட்டம் இன்னும் நெருக்காது, கடைக்காரருக்கும் பேச நேரமிருக்கும். மூடும் நேரத்தில் விலை இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் சமைத்த உணவு அதற்குள் எத்தனை மணி நேரம் வெளியில் கிடந்ததோ. வாரவிடுமுறை எந்த நாள் என்பதைத் தங்கும் இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரம் சந்தைக் கட்டடத்தின் நேரமாக இருக்கும். உள்ளே இருக்கும் கடைகளுக்கு அது பொருந்தாது. மீனுக்கு இன்னொரு கணக்கு உண்டு. படகுகள் எந்த நாள் கடலுக்குப் போவதில்லையோ, அதற்கு மறுநாள் மீன் பகுதி பாதி காலியாக இருக்கும். அந்த நாளில் மீன் சாப்பாட்டை நம்பிப் போகக் கூடாது.

இனி அளவு. சுற்றுலாவைக் கெடுப்பது பெரும்பாலும் கெட்டுப்போன உணவு இல்லை. மூன்றாவது கடையிலேயே வயிறு நிறைந்துவிடுவதுதான். ஒரு பெரியவரின் வயிறு அசௌகரியமில்லாமல் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளும். குடிக்கும் தண்ணீரும் பானமும் அதில் சேர்த்தி. ஆகவே திட உணவுக்கு 500 முதல் 600 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடைத் தட்டு சாதாரணமாக 150 முதல் 250 கிராம் வரும். ஆளுக்கொரு தட்டு வாங்கினால் மூன்று கடையோடு கதை முடிந்தது. அதே தட்டை மூவர் பகிர்ந்தால் ஆளுக்கு 50 முதல் 80 கிராம், அதாவது மூன்று நான்கு வாய். எட்டுக் கடை வரை தாராளமாகப் போகலாம். மூன்று பேர் என்பது மிகப் பொருத்தமான எண்ணிக்கை. நான்கு பேரும் பரவாயில்லை. ஐந்துக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுங்கள்; ஒரு கடையின் முன்னால் ஆறு பேர் நின்றால் வாடிக்கையாளர் வர வழி இருக்காது.

அரைத் தட்டு கேட்பது பல கடைகளில் எடுபடாது. அவர்களுடைய அளவும் விலையும் பாத்திரத்தோடு பழகிப்போனவை. ஒரு தட்டும் மூன்று கரண்டியும் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். கரண்டி கிடைக்காத இடத்துக்காகச் சொந்தக் கரண்டி ஆளுக்கு ஒன்று, மூடி போட்ட சிறு டப்பா ஒன்று கையில் இருக்கட்டும். மீதியை டப்பாவில் போடலாம் என்ற தைரியம் இருந்தால்தான் தட்டில் உள்ள அனைத்தையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் விலகும்.

வயிற்றை நம்பி அளவைத் தீர்மானிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. ஒரே உணவைத் தின்னும்போது அதன் மேல் உள்ள ஆசை சீக்கிரம் தணிகிறது. புதிய சுவை வந்ததும் மறுபடி பசிப்பதுபோல் தோன்றுகிறது. 1981-இல் பார்பரா ரோல்ஸும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனையில், ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தபோது சாப்பிட்டதைவிட நான்கு வகை கொடுத்தபோது மக்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சந்தையில் நான்கு வகை இல்லை, நானூறு வகை. நிறைந்த உணர்வு வந்து சேரவும் கால் மணிக்கு மேல் ஆகும். எனவே நான்கு கடைக்குப் பிறகு, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், எங்காவது உட்கார்ந்து அரை மணி நேரம் சும்மா இருங்கள். மளிகை, உலர்பொருள், பாத்திரக் கடைகளைப் பார்ப்பதை இந்த இடைவேளைக்கு ஒதுக்கலாம்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். மெல்லிய சுவை முதலில், அழுத்தமானது பிறகு. புதுப் பழம், வேகவைத்தது, தெளிவான சூப் போன்றவற்றில் தொடங்கி, உப்பும் புளிப்பும் உள்ளதற்குப் போய், அதன் பின் வறுத்தது, பொரித்தது, காரம், கடைசியில் இனிப்பு. இனிப்பை முதலில் தின்றால் அடுத்து வரும் பழம் புளிக்கும். பழத்தின் மேல் குற்றமில்லை, நாக்கு சர்க்கரைக்குப் பழகிவிட்டது. காரத்தின் விஷயம் வேறு. மிளகாயில் உள்ள கேப்சைசின் தூண்டுவது வெப்பத்தையும் வலியையும் உணரும் ஏற்பியை. சுவை மொட்டை அல்ல. அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஆகவே தண்ணீர் குடித்தால் எரிச்சல் வாய் முழுக்கப் பரவுமே தவிர அடங்காது. பாலோ தயிரோ ஒரு மடக்கு வாயில் வைத்திருந்து விழுங்கினால், அதிலுள்ள கேசின் புரதமும் கொழுப்பும் அதை இழுத்துக்கொண்டு போகும். வாய் ஆற எப்படியும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் தின்பது எதன் ருசியும் தெரியாது. எனவே பலமான காரம் உள்ள கடையை இடைவேளைக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுநடுவே வாயைச் சுத்தப்படுத்தச் சாதா ரொட்டித் துண்டோ வெறும் சோறோ போதும். எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டால் வெந்நீர் அல்லது சர்க்கரை போடாத தேநீர். பனிக்கட்டி போட்ட பானத்தை ருசி பார்க்கும் நேரத்தில் தவிர்த்துவிடுங்கள்: இனிப்பு, கசப்பு ஆகியவற்றை உணர்த்தும் நாக்குச் செல்கள் 15 டிகிரி வாக்கில் மந்தமாகவும் 35 டிகிரி வாக்கில் சுறுசுறுப்பாகவும் வேலை செய்கின்றன. உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான். குளிர்ந்த வாயோடு அடுத்த கடைக்குப் போனால் பாதி ருசிதான் கிடைக்கும்.

ஒவ்வொரு தட்டிலும் முதல் வாய் சட்னியோ சாஸோ எலுமிச்சையோ இல்லாமல். முதலில் முகர்ந்து, மெதுவாக மென்று, மெல்லும்போதே மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாயிலிருந்து மூக்கின் பின்புறம் ஏறும் மணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்றால் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போன்றவை மட்டும்தான் தெரியும், எந்த உணவு என்றே சொல்வது கடினம். இரண்டாம் வாய் கடைக்காரர் சாப்பிடச் சொல்லும் முறையில். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைக் கவனித்தால், அந்தத் தொடுகறி ஏன் அங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

கடையைத் தேர்ந்தெடுப்பதுதான் நிதானம் அதிகம் தேவைப்படும் வேலை. கூட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. பாத்திரம் எவ்வளவு வேகத்தில் காலியாகி மறுபடி நிறைகிறது என்று பாருங்கள். புகைப்படம் எடுக்க வந்தவர்களின் வரிசை வேறு, சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களின் வரிசை வேறு. சந்தைக்குள் மூட்டை தூக்குபவர்களும் கடைப் பையன்களும் சாப்பிடும் இடம் எதுவென்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அவர்கள் தினமும் வருபவர்கள். ஒரு நாள் வயிறு கெட்டாலும் மறுநாள் அந்தக் கடை காலி.

பொரிக்கும் கடை ஒன்றின் பக்கவாட்டில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்போம். எண்ணெயில் மாவைப் போட்டதும் நுரை பொங்குகிறது. அது சரி, ஈரம் ஆவியாகிறது. கடைசித் துண்டை எடுத்த பிறகும் ஓரத்தில் பொடி நுரை அடங்காமல் நின்றால் எண்ணெய் பழையது. சட்டியில் ஒன்றும் இல்லாதபோதே புகை எழும்பினாலும், அகப்பையிலிருந்து எண்ணெய் பாகுபோல் இழையாக வடிந்தாலும், வார்னிஷ் வாசம் அடித்தாலும் அதே பொருள்தான். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் துருவச் சேர்மங்கள் என்ற சிதைவுப் பொருள்களுக்குப் பல நாடுகள் 24 முதல் 27 சதவீதம் வரை உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை, ஆனால் மேலே சொன்ன அடையாளங்கள் கண்ணுக்குத் தெரியும். பிறகு கையைப் பாருங்கள். காசு வாங்கும் கையும் உணவை எடுக்கும் கையும் ஒன்றா? பச்சை இறைச்சியை வெட்டிய கத்தி வெந்ததன் பக்கம் வருகிறதா? தட்டைத் துடைக்கும் துணி எத்தனை வேலைக்குப் பயன்படுகிறது? தட்டு கழுவும் வாளியில் தண்ணீர் மாறுகிறதா? பொரித்ததை அடுக்கும் தட்டில் பழைய துண்டுகள் அடியில் கிடக்க, புதியவை மேலே விழுகின்றனவா? பழையவையே கிடந்தால், "இப்போது போடுவதில் கொடுங்கள்" என்று கேட்டுக் காத்திருங்கள். மூன்று நிமிடம்தான் ஆகும்.

சூடாக இருக்க வேண்டியது ஆவி பறக்க இருக்க வேண்டும், குளிர்ச்சியாக இருக்க வேண்டியது தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரமே அதிகபட்சம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. டப்பாவில் நீங்கள் எடுத்துவைத்த மீதிக்கும் இதே விதிதான். அறைக்குப் போய் இரவு சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள்.

"சூடுபடுத்திவிட்டால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை மூன்று இடங்களில் ஏமாற்றும். வெளியில் பல மணி நேரம் கிடந்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் வாந்தி நச்சு, கொதிக்கவைத்தாலும் அழியாது. கிளறி வறுத்துக் கொடுத்தாலும் அப்படியே இருக்கும். கைபட்ட கிரீம், துண்டு இறைச்சி போன்றவற்றில் ஸ்டாபிலோகாக்கஸ் என்ற கிருமி விடும் நச்சும் சூட்டைத் தாங்கும். மூன்றாவது, சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள்: பிடித்த பிறகு குளிரில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேர்ந்துவிடும், பொரித்தாலும் போகாது. வாயில் வைத்ததும் மிளகுபோல் சுருக்கென்று குத்தினால் துப்பிவிடுங்கள். தின்றுவிட்டால் சில நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு வரும்; ஒவ்வாமை என்றே நினைக்கத் தோன்றும்.

பச்சைச் சிப்பி வகைகளை முதல் சுற்றில் தவிர்ப்பதே என் பரிந்துரை. ஐஸ் மேல் வைத்திருப்பதால் வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரஸோ மஞ்சள்காமாலை ஏ வைரஸோ சாவதில்லை. வெட்டி வைத்த பழத்தில் பழத்தைவிடக் கத்தியும் மேலே தெளிக்கும் தண்ணீரும்தான் ஆபத்து. உங்கள் கண்முன் தோலுரித்துத் தரச் சொல்லுங்கள். மீனைக் குளிரவைக்க உடைக்கும் பாளப் பனிக்கட்டியே பானத்திலும் போவதைக் கண்டால் பானம் வேண்டாம். கைக்குச் சோப்பும் தண்ணீரும் 20 விநாடி. ஆல்கஹால் திரவம் அடுத்தபட்சம்தான், நோரோ வைரஸிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. கர்ப்பிணிகள் காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டி, பச்சை முளைதானியம் ஆகியவற்றை லிஸ்டீரியா என்ற கிருமியைக் கருதி ஒதுக்குங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் "இதில் இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றே பதில் வரும்; மேலே துண்டு கிடக்கவில்லை, அவர் பொய் சொல்லவில்லை. "இந்தச் சாறு எதைக் கொதிக்கவைத்து எடுத்தது?", "எந்த எண்ணெய், எந்தக் கொழுப்பு?", "இதில் மீன் சாஸோ இறால் விழுதோ உண்டா?" என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் இதை வாய்ப்பேச்சில் விடவே கூடாது. எந்தப் பொருள், அது என்னென்ன வடிவில் ஒளிந்திருக்கும் என்பதை அந்த ஊர் மொழியில், அந்த எழுத்தில் அச்சிட்ட அட்டை ஒன்று வேண்டும். கைபேசி மொழிபெயர்ப்பு பருப்பு, கொட்டை வகைகளின் பெயர்களைக் குழப்பும். அட்டையை அந்த மொழி தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நிலக்கடலையோ இறாலோ பொரித்த அதே எண்ணெயில் உங்களுடையதும் பொரிந்தால் அட்டையால் பயனில்லை, எனவே ஒரே சட்டியில் எல்லாம் பொரியும் கடைக்கே போகாதீர்கள். கடும் ஒவ்வாமைக்கான எபிநெஃப்ரின் ஊசி எழுதிக்கொடுக்கப்பட்டவர்கள் இரண்டு ஊசிகளையும் சட்டைப்பையிலோ தோள்பையிலோ வையுங்கள், அறையில் அல்ல.

பணத்தில் தகராறு வருவது பெரும்பாலும் எடைக்கு விற்கும் கடல் உணவில்தான். பலகையில் எழுதியிருக்கும் விலை கிலோவுக்கா, நூறு கிராமுக்கா, ஒன்றுக்கா? எடை சுத்தம் செய்வதற்கு முன்பா பின்பா? சமைக்கும் கூலி தனியா? இந்த மூன்றையும் கேட்டு, தராசில் வைத்த பிறகு மொத்தத் தொகையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லிவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். சட்டியில் போட்ட பிறகு பேரம் கிடையாது. சிறு கடைகளில் முன்னால் நிற்பவர் எவ்வளவு கொடுக்கிறார் என்று பார்த்தாலே போதும். சில்லறை நோட்டுகளைத் தனிப் பையில் வையுங்கள். காலை முதல் வியாபாரத்தில் பெரிய நோட்டை நீட்டினால் கடைக்காரருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். பழத்தை நீங்களே அழுத்திப் பார்க்காதீர்கள், கேட்டால் எடுத்துத் தருவார்கள். ருசிக்கத் துண்டு கொடுத்தால் கொஞ்சமாவது வாங்குங்கள். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். கேள்விகளை நெரிசல் தணிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிப் போகும் பொருள்களைக் கடைசியில் வாங்கினால் சுமை இல்லை. மசாலாவைப் பொடியாக இல்லாமல் முழுதாக வாங்குவது கலப்படத்துக்கும் மணத்துக்கும் நல்லது.

கைபேசியில் ஒரு குறிப்பு வையுங்கள்: கடைக்காரர் உச்சரித்த பெயர், இடம், மணி, என்ன சேர்ந்திருந்தது. நான்காம் கடைக்குள் முதல் கடையின் பெயர் மறந்துவிடும். மணியை எழுதச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. வாந்தி ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வந்தால் முன்பே உருவான நச்சாக இருக்க வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். அரை நாள் முதல் மூன்று நாள் கழித்து வயிற்றுப்போக்கு வந்தால் வைரஸோ பாக்டீரியாவோ குடலில் பெருகியிருக்கலாம். எதுவானாலும் முதல் மருந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் வயிற்றுப்போக்கு கூடும். சிறு மடக்குகளாகக் குடியுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், எதைக் குடித்தாலும் தங்காத வாந்தி, சிறுநீர் வற்றுவது, மூன்று நாளுக்கு மேல் நீடிப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடக் கூடாது. எங்கே, எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டீர்கள் என்ற அந்தக் குறிப்பை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள்.